முண்டந்துறைக் காட்டுக்குள்: கேட்டதும் சொன்னதும்

கே: அண்ணாச்சி, பாபநாசத்திலிருந்து பொதிகை உச்சிக்கு நடந்தே போகலாமா?

பாதை உண்டு, அனுமதிதான் இல்லை. 1,868 மீட்டர் ஏற ஆசைப்படுகிறவர்கள் திருவனந்தபுரம் பக்கம் போனக்காட்டுக்குப் போய், கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்து ஏறுகிறார்கள். நம்ம ஊர் மலைக்கு அடுத்த மாநிலத்தைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறதே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் தாமிரபரணி பிறக்கிற இடத்தில் சிப்ஸ் பாக்கெட் கிடப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

கே: ஏன் இவ்வளவு கெடுபிடி?

புலிகள் காப்பகம் அல்லவா? 1962இல் முண்டந்துறை, 1976இல் சிங்கவால் குரங்குகளுக்காகக் களக்காடு என்று தனித்தனிச் சரணாலயங்களாக இருந்தவை. 1988இல் இரண்டையும் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் முதல் புலிகள் காப்பகம் இதுதான்.

கே: பிள்ளைகளோடு ஒரு நாள் வருகிறோம். எதைப் பார்க்கலாம்?

கண்ணை மூடிக்கொண்டு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். அங்கே ஓர் இலுப்பை மரம் நிற்கிறது. வேண்டுதலுக்காக மரத்தில் அடித்து மாட்டிய மணிகளை மரப்பட்டை கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொள்கிறது. பாதி உள்ளே, பாதி வெளியே தெரியும். பேரே மணி விழுங்கி மரம். அப்புறம் பட்டவராயன் சந்நிதி. பட்டவராயனாக இங்கே நிற்பவர் முத்துப்பட்டன் என்ற பிராமணர். அவர் சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, செருப்புத் தைத்து, மாடு காத்து, மாட்டுத் திருடர்களோடு சண்டையிட்டு மாண்டதை வில்லுப்பாட்டில் விடிய விடியப் பாடுவார்கள். அவருக்குக் காணிக்கை தோல் செருப்பு. புதிதாகக் கட்டித் தொங்கவிட்ட செருப்பு நாளாக நாளாகத் தேய்ந்திருக்குமாம், ராத்திரி அவர் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுகிறார் என்பார்கள். அடிப்பாகத்தைப் பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள்.

கே: ஆடி அமாவாசைக்கு வரலாமா?

சாமி கும்பிட என்றால் தாராளமாக. காடு பார்க்க என்றால் வேண்டாம், தலைகள்தான் தெரியும்.

கே: மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் யாருடையது?

சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 8,374 ஏக்கரை ஒரு தேயிலைக் கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது. கணக்குப்படி 2028 வரை. அதற்கு முன்பே, 2024இல், தோட்ட வேலை நின்றுவிட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து கொழுந்து பறித்த சனம். அவர்களிடம் போய் ‘சூப்பர் கிளைமேட்’ என்று சொல்லாதீர்கள்.

கே: அட்டை கடித்தால்?

பிடித்து இழுக்காதீர்கள். நகத்தால் பக்கவாட்டில் தள்ளினாலே விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பதற வேண்டாம். வீட்டுக்குள் நுழையுமுன் சாக்ஸை உதறிப் பாருங்கள். ஒருமுறை நான் மறந்துவிட்டேன், மறுநாள் காலையில் அது எங்கள் அடுப்படியில் ஊர்ந்தது. வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.