சுரங்கம் தோண்டும் பணத்தில் எனக்கு வேலை உண்டா?

"வயது 54. சிங்கப்பூர்க் குடிமகன். ஒன்பது ஆண்டு பார்த்த கிடங்கு மேற்பார்வையாளர் வேலை இம்மாதத்தோடு முடிகிறது. ரயில் பாதை, விமான நிலையம் என்று அரசாங்கம் கொட்டும் பணத்தில் வேலை இழந்தவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். 600 வெள்ளி கொடுத்தால் சேர்த்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?" என்று ஈசூன் வாசகர் கேட்கிறார்.

ஒரு காசும் கொடுக்காதீர்கள். அப்படி ஓர் ஒதுக்கீடே இல்லை. சாங்கி ஐந்தாம் முனையமோ குறுக்குத் தீவு ரயில் பாதையோ, பணம் ஏலக்குத்தகை வழியாகக் குத்தகையாளருக்குப் போகிறது. மண் வெட்டுபவர்கள் பெரும்பாலும் வேலை அனுமதிச் சீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். வேலையில்லாதவரைக் கூப்பிட்டு மண்வெட்டி கொடுக்கும் நிவாரணப் பணி இன்று இங்கே கிடையாது. கோப்பிக்கடையில் உட்கார்ந்து 'உள்ளே ஆள் இருக்கிறார்' என்பவரிடம் வேலை முகவர் உரிம எண்ணைக் கேளுங்கள்; மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். கேட்டதுமே அவருக்கு வேறு அவசரம் வந்துவிடும்.

உங்களுக்கு உரியது வேறு. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தருகிறது: முதல் மாதம் 1,500 வரை, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதம் 750 வீதம். சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டியிருக்கக் கூடாது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. வேலை தேடுவதைக் காட்டி மாதம் 10 புள்ளி சேர்க்க வேண்டும். முப்பது வருடம் உழைத்தவரைப் பள்ளிப் பிள்ளையாக்கும் ஏற்பாடு, முணுமுணுத்துக்கொண்டே சேர்த்துவிடுங்கள்.

நான் அஞ்சுவது ஒன்றுக்குத்தான். தானாக விலகியவருக்கு இந்தப் பணம் இல்லை. ஆட்குறைப்பு, நிறுவனம் மூடல், பணிநீக்கம், நோயினால் வேலை போனது போன்றவைதாம் கணக்கில் வரும். இது தெரிந்தோ தெரியாமலோ சில முதலாளிகள் இனிக்க இனிக்கப் பேசுவார்கள்: "நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுத்தால் உங்கள் பெயர் கெடாது." உங்கள் பெயர் எப்படியும் கெடாது, ஆட்குறைப்பு இழப்பீட்டுப் பேச்சிலிருந்து தப்புவது அவர்கள்தான். ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால், 'நான் விரும்பிப் போகவில்லை' என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். ஏற்கெனவே எழுதிவிட்டீர்களா? மிரட்டி வாங்கியிருந்தால், கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வேலையிடத் தகராறுகளைக் கையாளும் முத்தரப்புக் கூட்டணியிடம் (TADM) முறையிடலாம். ஒரு மாதம்தான், தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

இன்னும் எழுதவில்லை என்றால், வேலை முடிவதற்கான காரணம் 'ஆட்குறைப்பு' என்று நிறுவனத்தையே எழுத்தில் தரச் சொல்லுங்கள்.