படகு இன்ஜின் ஆயில் வெளுத்திருக்கிறதா? ஹெட்டில் கை வைக்காதீர்கள்

கேள்வி: 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து எங்கள் விசைப்படகைச் சற்று நேரம் ஓட்டிப் பார்த்தோம். இப்போது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்தால் பால் கலந்ததுபோல் வெள்ளையாக இருக்கிறது. ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) போய்விட்டது, இன்ஜினை முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். இல்லாவிட்டால் விற்றுத்தர ஆள் இருக்கிறதாம். என்ன செய்வது?
– நாகப்பட்டினம் வாசகர்

மறுபடி ஸ்டார்ட் போடவே போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றிவிட்டு, புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். துளை வழியே தண்ணீர் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் சேம்பர், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி. ஒருநாள் அசைக்காமல் விட்டால் தனித் தண்ணீர் அடியில் தங்கும். ட்ரெயின் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, முதலில் வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அந்தத் தண்ணீரில் நாலு சொட்டைத் தகரத்தில் விட்டு வெயிலில் வையுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் கடல்நீர். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருந்தால் அது விஷம். உப்பு என்றால் கடல்நீரால் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர், கடல்நீர் பம்ப் சீல் இவற்றை முதலில் பாருங்கள். உப்பில்லாமல் கூலன்ட் மட்டமும் இறங்கியிருந்தால்தான் ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கட், சிலிண்டரின் உள்குழாயான லைனர் பக்கம் போக வேண்டும்.

ஆயில் கூலரைக் கழற்றி, காற்று ஏற்றித் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி விடும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றச் சொல்பவரை நம்பாதீர்கள். விற்றுத்தர ஆளையும் அவரே கொண்டுவருகிறார் என்றால் இன்னும் உஷாராக இருங்கள். பயம் காட்டிப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, கூலரை மட்டும் மாற்றி வேறு துறைமுகத்தில் நல்ல விலைக்குத் தள்ளிவிடவும் வாய்ப்புண்டு. 

ஒரு விஷயத்தில் மட்டும் பதறாதீர்கள். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் மட்டும் வெளுத்த பசை ஒட்டியிருக்கிறது, கம்பியில் ஆயில் தெளிவாக இருக்கிறது என்றால் அது வெறும் ஈரக்காற்று. மாதக்கணக்கில் சும்மா கிடந்து, கொஞ்ச நேரமே ஓடிய இன்ஜினில் அப்படித்தான் இருக்கும். சந்தேகமானால் சூடான இரும்புத் தகட்டில் கம்பியிலுள்ள ஆயிலைச் சொட்டுங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் உண்டு. அமைதியாகப் புகைந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, நன்றாகச் சூடேற ஓட்டினாலே பசை போய்விடும். உங்களுக்குக் கம்பியே வெளுத்திருப்பதால் இந்தச் சலுகை இல்லை.

இன்சூரன்ஸ் இருந்தால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை தொடாதே என்பார்கள். அவர் வருவதற்குள் உப்பு பேரிங்கைத் தின்றுவிடும், அதற்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். தகவலை எழுத்தில் கொடுங்கள், படம் எடுங்கள், அந்த ஆயில் பாட்டிலை மூடிப் பத்திரப்படுத்துங்கள். கடல்நீர் என்று உறுதியானால் அன்றே முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றிப் புது ஆயில் ஊற்றுங்கள். கசிவை அடைத்து ஓட்டிய பிறகு அந்த ஆயிலையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.