ஏ.எஸ்.ஓ. (ரத்தப் பரிசோதனை) எண்ணைப் பார்த்து ஊசி போடலாமா? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி பற்றிய கேள்வி-பதில்

கே: மகனுக்குத் தொண்டை வலி. மூன்று நாள் அசித்ரோமைசின் (ஆன்டிபயாடிக்) கொடுத்துவிட்டு ஸ்வாப் (தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுக்கும் மாதிரி) எடுத்தோம், வளர்ச்சி இல்லை என்று வந்தது. கிருமி இல்லைதானே?

ப: அப்படிச் சொல்ல முடியாது, மருந்து உள்ளே போனபின் எடுத்தால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். முதலில் ஸ்வாப், அப்புறம் மருந்து. எடுக்கும்போது இரண்டு டான்சிலிலும் பின்தொண்டையிலும் நன்றாகத் தேய்க்க வேண்டும், நாக்கில் படக் கூடாது.

கே: பீட்டா ஹீமோலிசிஸ் (கிருமியைச் சுற்றித் தட்டில் உள்ள ரத்தம் முழுதாகக் கரைந்திருக்கிறது), பேசிட்ராசின் சென்சிடிவ் (அந்த மருந்து பட்டால் வளராது). குரூப் ஏ (தொண்டை வலி தரும் முக்கிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை) என்று ரிப்போர்ட் கொடுக்கலாமா? (லேப் டெக்னீஷியன்)

ப: கூடாது. சி, ஜி குரூப்பிலும் சில சென்சிடிவாக வரும். பி.ஒய்.ஆர். (கிருமியின் ஒரு என்சைமைப் பார்க்கும் சோதனை) போடுங்கள், சில நிமிட வேலை. லேடெக்ஸில் (கிருமியின் மேலுள்ள குரூப் அடையாளமான ஆன்டிஜனைப் பார்க்கும் சோதனை) ஏ வந்தாலும் காலனியை, அதாவது தட்டில் வளர்ந்த கிருமிப் புள்ளியைப் பாருங்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பொடிக் காலனி, மூடியைத் திறந்ததும் பட்டர்ஸ்காட்ச் வாசம் என்றால் அது ஆஞ்சினோசஸ் என்ற வேறு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குழுவாக இருக்கலாம், அதில் சிலவற்றுக்கும் ஏ ஆன்டிஜன் உண்டு, ஆனால் பி.ஒய்.ஆர். நெகட்டிவ். (மூக்கை வைத்து முகராதீர்கள்.) கிருமி வளர்க்கும் தட்டை எந்த ரத்தத்தில் ஊற்றினீர்கள் என்று எழுதவே இல்லையே? பிளட் பேங்கில் தேதி முடிந்த மனித ரத்தம் என்றால் ஹீமோலிசிஸையே நம்ப முடியாது. வேண்டியது செம்மறி ஆட்டு ரத்தம், 5 சதவீதம்.

கே: மகளுக்குக் கால் வலி. ஏ.எஸ்.ஓ. 400. மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல வருடம் போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா?

ப: வயது இல்லை, எந்த மூட்டு என்று இல்லை, வீக்கம் இருந்ததா, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்களா, ஒன்றும் இல்லை. எண்ணை மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்வது? இதே கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. ஏ.எஸ்.ஓ. என்பது குரூப் ஏ கிருமி எப்போதோ வந்து போனதற்கான ஆன்டிபாடி, அவ்வளவுதான். தொற்றுக்கு 3 முதல் 5 வாரத்தில் உச்சத்துக்குப் போய், பல மாதம் கூடுதலாகவே இருக்கக்கூடும். பள்ளி வயதில் 200ஐத் தாண்டுவது சகஜம். அந்த ஊசி ருமாட்டிக் காய்ச்சலுக்கு (தொண்டைத் தொற்றுக்குப் பிறகு மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்). அதை முடிவு செய்வது 1944இல் டாக்டர் ஜோன்ஸ் வகுத்த, 2015இல் திருத்திய அளவுகோல்கள்: முழங்கால், கணுக்கால் என்று மூட்டு மாறி மாறி வீங்குவது, இதய வால்வு பாதிப்பு, கோரியா (கை கால் தானாகத் துள்ளுவது) போன்றவை. சந்தேகம் என்றாலே எக்கோ எடுக்கச் சொல்கிறது அந்தத் திருத்தம். ராத்திரி கால் வலிக்கிறது என்று அழுதுவிட்டுக் காலையில் ஓடி விளையாடும் பிள்ளையை, 'ஆர்த்ரைட்டிஸ் ப்ரொஃபைல்' பேக்கேஜில் சேர்ந்து வந்த ஓர் எண்ணுக்காக, பிட்டத்தில் பென்சாதீன் பென்சிலின் போட்டு இரண்டு நாள் நொண்ட வைப்பது கொடுமை. ஆனால் உண்மையான ருமாட்டிக் காய்ச்சலில் அதே ஊசிதான் இதயத்தைக் காப்பாற்றுகிறது. இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள். குழந்தை இதய நிபுணரிடம் காட்டுங்கள். இன்னொன்று, தோல் புண்ணுக்குப் பிறகு ஏ.எஸ்.ஓ. சரியாக ஏறாது, அங்கே ஆன்டி-டி.என்.ஏஸ் பி என்ற இன்னோர் ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டும். எண் குறைவு என்றாலும் முடிவு இல்லை, கூடுதல் என்றாலும் முடிவு இல்லை.

கே: பென்சிலின் இப்போது வேலை செய்வதில்லையாமே?

ப: குரூப் ஏ-க்கு இன்றும் பிரமாதமாக வேலை செய்கிறது. ரெசிஸ்டன்ஸ் (மருந்துக்கு மசியாத தன்மை) இருப்பது அசித்ரோமைசினுக்கு. பென்சிலினோ அமாக்சிசிலினோ, 10 நாள் முழுக்க. மறுபடியும் சொல்கிறேன்: முதலில் ஸ்வாப், அப்புறம் மருந்து.

கே: ஏழு மாதக் கர்ப்பம். வஜைனல் ஸ்வாபில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொந்தரவு எதுவும் இல்லை. மாத்திரை வேண்டுமா?

ப: இப்போது வேண்டாம், போட்டாலும் திரும்ப வந்துவிடும். குழந்தைக்குத் தொற்றாமல் இருக்க, பிரசவ வலி தொடங்கியதும் நரம்பு வழியாகப் பென்சிலின் போடுவார்கள். ரிப்போர்ட்டை ஃபைலின் முதல் பக்கத்தில் வையுங்கள், பென்சிலின் அலர்ஜி இருந்தால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சிறுநீரிலும் வளர்ந்திருந்தால் அது வேறு பேச்சு, உடனே காட்டுங்கள்.

கே: அப்பாவின் பிளட் கல்ச்சரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ். அடுத்து?

ப: இதய வால்வுக்காக எக்கோவும், பெருங்குடலுக்காகக் கொலோனோஸ்கோபியும் (குழாய் விட்டு உள்ளே பார்க்கும் சோதனை). இரண்டுமே.

கே: ஆப்டோச்சின் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 12 மி.மீ. நிமோகாக்கஸா (நிமோனியா தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸா)? (லேப் டெக்னீஷியன்)

ப: 14க்குக் கீழே என்றால் பைல் சாலுபிலிட்டி (பித்த உப்பில் கிருமி கரைகிறதா என்ற சோதனை) போடுங்கள். கரைந்தால் நிமோகாக்கஸ். மால்டி-டாஃப் (கிருமியை அடையாளம் காணும் கருவி) இருக்கிறது என்று இதைத் தாண்டிப் போகாதீர்கள், மைட்டிஸ் என்ற நெருங்கிய உறவுக் கிருமியையும் நிமோகாக்கஸையும் அது குழப்பிவிடும்.