டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய அகராதிகள்: எதை நம்புவது?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமனார் தமிழாசிரியராக இருந்தவர். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். அட்டையும் முன்பக்கங்களும் போன தடிமனான தமிழ்-ஆங்கில அகராதி ஒன்று, சூடாமணி நிகண்டு, சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனின் முதல் தொகுதி, பாவாணரின் சொல்லாய்வு நூல் ஒன்று இருந்தன. ஓரங்களிலெல்லாம் பென்சிலில் ஏதேதோ எழுதியிருக்கிறார். எம்.ஏ. தமிழ் படிக்கும் மகள் இவற்றில் ‘உலகம்’ என்ற சொல்லைத் தேடினாள். லெக்சிகன் வடசொல் என்கிறது, பாவாணர் தமிழ்ச்சொல் என்கிறார். எதை நம்புவது? எதை வைத்துக்கொள்வது, எதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது?

பதில்: எதையும் போடாதீர்கள் அம்மா. முதல் வேலை அதுதான்.

பழைய அகராதிகளில் பெரும்பாலானவை தனி மனிதரின் பிடிவாதத்தில் பிறந்தவை. கடனில் மூழ்கியவர், செடி தேடி அலைந்தவர், வேலையை உதறிவிட்டுச் சொல்லே கதி என்று கிடந்தவர் என்று ஒவ்வொருவரும் ஒரு தினுசு. எந்தச் சொல்லுக்கு எதை நம்பலாம் என்று தெரிய வேண்டுமானால், அதைச் செய்தவர் யார், யாருக்காகச் செய்தார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னிடம் வரும் மாணவர்களுக்கும் முதல் நாளே இதைத்தான் சொல்கிறேன்.

அட்டை இல்லாததிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் வடமொழிச் சொற்களுக்குப் பொருள் சொல்லி முடித்த இடத்தில் ‘டபிள்யூ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு பக்க எண்ணும் தெரிகின்றன. அது வில்சன் என்பவரின் சமஸ்கிருத அகராதியைக் குறிக்கும். அவர் மருத்துவராகக் கல்கத்தாவுக்கு வந்தவர். அங்கே நாணயச் சாலையில் உலோகம் சோதிக்கும் வேலை பார்த்துக்கொண்டே 1819ல் அந்த அகராதியை வெளியிட்டார். அவர் பக்க எண்ணை இப்படிச் சொல்லுக்குச் சொல் தருகிற தமிழ் அகராதி வின்சுலோவுடையது. கடைசிப் பக்கம் 976 என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் 1862ல் அச்சான மூலப் பிரதியா, பிற்காலத்து டில்லி மறுபதிப்பா என்று பார்க்க வேண்டும். ஒரு தாளின் பின்பக்கத்தை விரல் நுனியால் மெல்லத் தடவிப் பாருங்கள். ஈய எழுத்தில் அடித்த பழைய பிரதியில் எழுத்து அழுந்திய மேடு விரலுக்குத் தட்டுப்படும். மறுபதிப்பு படமெடுத்து ஆஃப்செட்டில் அடித்தது, தாள் வழவழவென்று இருக்கும். மறுபதிப்பாகவே இருந்தாலும் உள்ளே இருக்கும் சொற்கள் அதே சொற்கள்தான்.

மைரன் வின்சுலோ அமெரிக்கப் பாதிரியார். இந்த வேலையை யாழ்ப்பாணத்தில் தொடங்கி வைத்தவர் நைட் என்ற இன்னொரு பாதிரியார். அவர் பாதியில் இறந்துபோனார். சேர்ந்திருந்த சொற்களிலிருந்து தமிழுக்குத் தமிழாக ஒரு அகராதி 1842ல் மானிப்பாயில் வெளிவந்தது. சந்திரசேகர பண்டிதர் தொகுத்த அதில் சுமார் 58,500 சொற்கள் இருந்தன. ஆங்கிலப் பகுதி வின்சுலோவின் தலையில் விழுந்தது. சென்னையில் இராமாநுசக் கவிராயர் போன்ற புலவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் அதைச் சுமந்தார். 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு 1862ல் அகராதி வந்தது. இரண்டே ஆண்டில், ஊர் திரும்பும் கடற்பயணத்தில், நன்னம்பிக்கை முனையில் அவர் உயிர் பிரிந்தது. செந்தமிழ், கொடுந்தமிழ் இரண்டுக்குமான அகராதி என்று தலைப்பிலேயே சொன்ன மனிதர். அதனால் 19ஆம் நூற்றாண்டில் மக்கள் வாயில் புழங்கிய சொல், யாழ்ப்பாணச் சொல் என்றால் வின்சுலோவை நம்பிப் புரட்டலாம். சங்கப் பாட்டுக்குப் பொருள் தேட அது போதாது. எந்த நூலில் எந்த இடத்தில் அந்தப் பொருள் வருகிறது என்று அவர் பெரும்பாலும் காட்டுவதில்லை.

அவருக்கு முன்னால் வேப்பேரியில் இருந்த பெப்ரீசியசைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை. ஜெர்மன் பாதிரியார், கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1742லிருந்து 1791ல் சாகும்வரை சென்னைதான் அவருக்கு ஊர். பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது பழவேற்காட்டுக்கு ஓடிப் பிழைத்தார். ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைப்பற்றிய அச்சு இயந்திரம் இவரிடம் வந்தது. அதில்தான் 1779ல் சுமார் 9,000 சொற்கள் கொண்ட அகராதியை அச்சிட்டார். சொல்லை அவ்வளவு நுணுக்கமாக நிறுத்துப் பார்த்த மனிதருக்குப் பணக் கணக்கு கைவரவில்லை. வாங்கிய பணம், கொடுத்த பணம் எல்லாம் சிக்கலாகி, முதுமையில் கடனுக்காகச் சிறையில் கிடந்தார். பழைய புத்தகக் கடையில் ‘மலபார் ஆங்கில அகராதி’ என்று ஏதாவது கண்ணில் பட்டால் மலையாளம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். அந்நாளில் ஐரோப்பியர் தமிழைத்தான் மலபார் மொழி என்றார்கள்.

ராட்லர் என்று ஒருவர். அடிப்படையில் தாவரங்களைத் தேடி அலைந்தவர். எண்பது தாண்டிய வயதில் அவர் அகராதியின் முதல் பகுதி 1834ல் வந்தது. 1836ல் அவர் இறந்த பிறகு மற்றவர்கள் முடித்தார்கள்.

சரி, சூடாமணி நிகண்டுக்கு வருவோம். அதில் உங்கள் மகளுக்குச் சொல் தேட வராதது அவள் தவறல்ல. அது மனப்பாடம் செய்ய எழுதிய செய்யுள் நூல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் தலைகீழாய் ஒப்பித்தது. எழுதிய மண்டல புருடர் சமணர். பதினோராம் தொகுதியை எடுத்துப் பாருங்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதி அது. அங்கே சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கும். ‘பகவனே ஈசன் மாயோன் பங்கயன் சினனே புத்தன்’ என்று தொடங்குகிறது. பகவன் என்றால் சிவனும் ஆகலாம், திருமாலும் ஆகலாம், பிரமன், அருகன், புத்தன் யாரும் ஆகலாம். தன் சமயத்துக் கடவுளையும் மற்றவர் கடவுளையும் ஒரே அடியில் நிறுத்திவிட்டார். ஒரு சொல்லுக்குப் பழம்புலவர்கள் கண்ட பொருள்களை வரிசையாகத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

அகர வரிசை பிறகு வந்தது. சிதம்பரம் ரேவண சித்தர் 1594ல் செய்த அகராதி நிகண்டு அதற்கு வழி போட்டது. வீரமாமுனிவர் 1732ல் சதுரகராதியை முடித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பிரிவு. இந்த இத்தாலியர் காவி அங்கியும் தலைப்பாகையுமாகத் தமிழ்நாட்டுக் குருவைப் போலவே வாழ்ந்தவர். ஆற்காட்டு நவாப் குடும்பத்தின் மருமகன் சந்தா சாகிபைச் சந்திக்க மூன்றே மாதத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார் என்று அவர் வரலாற்றை எழுதிய முத்துசாமிப் பிள்ளை சொல்கிறார். அதை அப்படியே நம்பத் தயங்குகிறவர்களும் உண்டு.

இப்போது ‘உலகம்’.

லெக்சிகன் தனி மனிதர் வேலை அல்ல, ஒரு குழுவின் வேலை. 1913ல் சாண்ட்லர் என்ற மதுரைப் பாதிரியாரின் பொறுப்பில் தொடங்கியது. 1926லிருந்து வையாபுரிப் பிள்ளை ஏற்று நடத்தினார். வக்கீல் தொழிலிலிருந்து வந்தவர், சான்று இல்லாமல் ஒரு சொல்லையும் விடமாட்டார். ஒரு லட்ச ரூபாயில் முடியும் என்று போட்ட கணக்கு நான்கு லட்சத்தைத் தாண்டியது. ஆறு தொகுதிகளில் 1,04,405 சொற்கள், பிறகு ஒரு அனுபந்தம். பொருளுக்கும் இலக்கிய மேற்கோளுக்கும் இன்றும் நான் முதலில் எடுப்பது இதைத்தான். ஆனால் வேர்ச்சொல் காட்டும் இடத்தில் வடமொழிப் பக்கம் சாய்ந்துவிட்டது என்ற குறை எழுந்தது. அதை உரக்கச் சொன்னவர் நம் பக்கத்து மனிதர்.

தேவநேயப் பாவாணர் பிறந்தது தெற்கே. சிறு வயதில் ஆம்பூருக்கு அக்காள் வீட்டுக்கு வந்து அங்கே மிஷன் பள்ளியில் படித்தார், பிறகு அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சொற்பிறப்பியல் அகராதி வேலையில் சேர்ந்து, ஒத்துப்போகாமல் 1961ல் வெளியே வந்தார். வறுமையும் உண்டு, மனைவி மக்களும் உண்டு, அதோடு மானமும் உண்டு என்று சொன்னவர். வந்து சேர்ந்த இடம் காட்பாடி விரிவு. 1963ல் மனைவி நேசமணி இறந்தார். உலகின் முதல் செம்மொழி தமிழ் என்று வாதிட்டு ஆங்கிலத்தில் எழுதிய நூலை 1966ல், மனைவி பெயரில் அமைந்த பதிப்பகத்தின் வழியாக, அதே காட்பாடியிலிருந்து வெளியிட்டார். லெக்சிகனின் சீர்கேடுகள் என்று தனி நூலே எழுதினார். 1974ல் அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி, அதாவது சொல்லின் வேர் காட்டும் அகராதி, தயாரிக்கும் திட்டத்துக்கு அவரை இயக்குநராக்கியது. 1981 ஜனவரியில் இறந்தார். முதல் பகுதி 1985ல்தான் வந்தது, முழு வேலையும் முடிய 2011 ஆயிற்று. காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள். பழைய விதிப்படி தமிழில் ல முதலெழுத்தாக வராது. கடன் வாங்கும்போது முன்னால் இ அல்லது உ சேரும். லாபம் இலாபம் ஆனது போல லோகம் உலகம் ஆயிற்று என்பது லெக்சிகன் பக்கம். உலா, உலவு என்பவற்றோடு சேர்த்து, சுற்றுதல் என்ற கருத்திலிருந்து பிறந்தது என்பது பாவாணர் பக்கம். இந்தச் சண்டை இருவரோடு தொடங்கியதும் அல்ல. தொல்காப்பியத்தில் ‘காலம் உலகம் உயிரே உடம்பே’ என்று வரும் சூத்திரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், உலகம் வடசொல் அன்று, ஆசிரியர் வடசொல்லை எடுத்து இலக்கணம் சொல்லமாட்டார் என்று அன்றே வாதாடியிருக்கிறார். என் கருத்தைக் கேட்டால், ல முதல் விதி லெக்சிகனுக்கு வலு சேர்க்கிறது. ஆனால் லோகாயதம் உலோகாயதம் என்று ஓகாரத்தோடு வந்திருக்க, உலகத்தில் மட்டும் ஓகாரம் எங்கே போனது என்பதற்கு ஒரு பதில் வேண்டும். தேர்வில் இரண்டு பக்கத்தையும் சான்றோடு எழுதட்டும். எந்த ஆசிரியரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

அப்புறம், பத்திரப்படுத்துவது. கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டவேண்டாம், சில ஆண்டில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷனும் கூடாது. இரும்புப் பெட்டி மழைக்காலத்தில் வியர்க்கும், அதனால் வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைத்துவிட்டு, அலமாரியில் படுக்கை வாட்டில் அடுக்குங்கள். தினசரி பார்க்க இந்தப் பிரதிகளைப் புரட்ட வேண்டாம். லெக்சிகன், வின்சுலோ, பெப்ரீசியஸ் மூன்றும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன.

ஆனால் இணையத்தில் எங்கும் கிடைக்காதது ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. படத்தில் ‘பாவு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உங்கள் மாமனார் பென்சிலில் எழுதிய குறிப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தார், விழுது, அச்சு என்று தறிச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். லுங்கி நெய்யும் ஊரில் உட்கார்ந்து, தெருவில் காதில் விழுந்ததை அவர் குறித்திருக்கிறார். பென்சில் எழுத்து கைபட்டு மங்கும். இந்த வாரமே, பகல் வெளிச்சத்தில், குறிப்பு இருக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் பக்க எண் தெரியும்படி படம் எடுங்கள். பிறகு மகளை ஒரு நோட்டோடு தறிக்காரர் ஒருவரிடம் அனுப்பி, இவற்றில் எந்தச் சொல் இன்னும் புழங்குகிறது, எதை இப்போது வேறு மாதிரி சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.