பொம்மைகளும் புல் வெட்டுகிறவனும்

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில். சனி, ஞாயிறு ஊருக்கு வந்தால் நண்பர்கள் நாலு பேர் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து துப்பறியும் தொடர் பார்ப்போம். பார்க்கிற நேரத்தைவிட நிறுத்தி வைக்கிற நேரம்தான் அதிகம். சுவரில் என்ன படம், கடிகாரத்தில் என்ன மணி, அலமாரியில் என்ன புத்தகம் என்று ஒவ்வொரு காட்சியாகப் பெரிதாக்கிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வோம்.

'ட்ரூ டிடெக்டிவ்' முதல் சீசனைப் போன மாதம் முடித்தோம். இரண்டாம் பகுதியில், துப்பறியும் போலீஸ்காரர் மார்ட்டியின் மகள் பொம்மைகளை வைத்திருக்கும் விதத்தைப் பார்த்ததுமே, கொலைக்கும் இந்த வீட்டுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதி வைத்தோம். கடைசி வரை அதற்குப் பதிலே இல்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபமாக இருக்கிறது. என் மாமாவோ, "கதையைப் பாருங்கடான்னா காலண்டரைப் பாக்கறீங்களேடா" என்கிறார். இது ரசனையா, வெட்டி வேலையா?

இன்னொன்று. எங்கள் ஊரிலேயே, 1998-இல் நடக்கிற மாதிரி ஒரு துப்பறியும் குறுந்தொடர் எடுக்க ஆசை. பின்னணியில் எவ்வளவு ஒளித்து வைக்கலாம்?

என் பெயரைப் போட வேண்டாம். மாமாவும் உங்கள் தளத்தைப் படிப்பவர்.

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். முடிவைத் தொடாமல் இதற்குப் பதில் எழுத முடியாது.

மாமா படிக்கிறார் என்பதால் அவருக்கு முதலில். துப்பறியும் கதையில் நாயகன் செய்கிற வேலையே காலண்டரைப் பார்ப்பதுதான். மற்றவர்கள் பிணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் செருப்பில் ஒட்டியிருக்கிற மண்ணைப் பார்ப்பான். அப்படிப்பட்டவனை வாரா வாரம் காட்டிவிட்டு, நீ மட்டும் அப்படிப் பார்க்காதே என்று பார்வையாளனிடம் சொன்னால் எப்படி? 1990-இல் அமெரிக்காவில் ஏபிசி சேனலில் வந்த 'ட்வின் பீக்ஸ்' முதல் பகுதியில் ஒரு காட்சி. இறந்துபோன பெண் முன்பொரு நாள் சிரித்து ஆடிய வீடியோவை எஃப்.பி.ஐ. அதிகாரி போட்டுப் பார்க்கிறார். நிறுத்திப் பெரிதாக்குகிறார். அவள் கண்ணுக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிகிறது. அதை வைத்து ஆளைப் பிடிக்கப் போகிறார். உங்கள் மொட்டை மாடியில் நடப்பதும் இதுதானே. வீட்டில் வீடியோ ரெக்கார்டர் வைத்திருந்த ரசிகர்கள் அன்றைக்கே அந்தத் தொடரைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் அதே முதல் பகுதியில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். மகளைப் பறிகொடுத்த அம்மா சோபாவிலிருந்து அலறிக்கொண்டு எழுகிற காட்சி. எடுத்து முடித்ததும் கேமராக்காரர், இது செல்லாது, பின்னால் கண்ணாடியில் ஆள் தெரிகிறது என்கிறார். தெரிந்தவர் ஃபிராங்க் சில்வா. செட்டில் மேஜை நாற்காலி நகர்த்துகிறவர், நடிகரே இல்லை. வேறு இயக்குநராக இருந்தால் திட்டிவிட்டு இன்னொரு டேக் போயிருப்பார். டேவிட் லிஞ்ச் அதை அப்படியே வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் அறையில் சாமான் நகர்த்திக்கொண்டிருந்த சில்வாவைப் பார்த்ததிலிருந்தே லிஞ்ச் மனசில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் விழுந்த முகம் அதை உறுதி செய்துவிட்டது. கடைசியில் அந்தத் தொடரின் கொலைகார ஆவியே சில்வாதான்!

இப்போது யோசியுங்கள். அன்றைக்கு ஒரு ரசிகர் அந்தக் கண்ணாடியை நிறுத்திப் பார்த்து, "இதோ கொலைகாரன், வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லியிருந்தால் ஆளைச் சரியாகப் பிடித்தவர் ஆவார். ஆனால் அங்கே யாரும் எதையும் மறைத்து வைக்கவில்லை.

கேமராவின் குணம் அது. முன்னால் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளும். கேட்டதையும் எடுக்கும், கேட்காததையும் எடுக்கும். கல் அப்படி இல்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது, ஏழாம் நூற்றாண்டு. அதில் வீரனோடு ஒரு நாயும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லிலேயே எழுதியிருக்கிறது. அந்த நாய் தற்செயலாக உளிக்கு முன்னால் வந்து நின்றுவிடவில்லை. ஒருவர் உட்கார்ந்து, காதிலிருந்து வால் வரை செதுக்கியிருக்கிறார். அதனால் நடுகல்லில் மூலையில் இருக்கிற சின்னக் கெண்டியைக்கூட ஆய்வாளர்கள் விடாமல் படிக்கிறார்கள், அது சரியும்கூட. (தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போதும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அங்கே போகாமல் இருப்பது அநியாயம்.)

கல்லைப் படிக்கிற மாதிரியே காட்சியையும் படித்தால்தான் சிக்கல். வேண்டுமென்று வைத்தது எது, தானாக வந்து விழுந்தது எது என்று எப்படிப் பிரிப்பது? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கதைக்குள் இருக்கும் யாராவது அதைப் பார்க்கிறார்களா, தொடுகிறார்களா, அதனால் முகம் மாறுகிறார்களா? ஆம் என்றால் அது வைத்தது. சுவர்க் கடிகாரத்தைக் கதையில் ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்றால், பெரும்பாலும் அது படப்பிடிப்பு நடந்த வீட்டுக்காரரின் கடிகாரம்.

உங்கள் பொம்மைகளை இப்படிப் பாருங்கள். துணியில்லாத ஒரு பொம்மை, அதைச் சுற்றி ஆண் பொம்மைகள். அறைக்குள் வருகிற மார்ட்டி அதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விடுகிறார். ஆக, அது வைத்ததுதான், உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. அடுத்த பகுதியில் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் வரைந்த படங்களைப் பற்றிய பேச்சும் வருகிறது. ஆனால் நீங்கள் அதனிடம் கேட்ட கேள்வி, கொலைகாரன் யார் என்பது. அது சொன்ன பதில் வேறு. ஊரான் வீட்டுப் பெண்ணைக் கொன்றவனைத் தேடி லூசியானா முழுக்க அலைகிற ஆளுக்கு, சொந்த வீட்டில் மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. விடை மூக்குக்குக் கீழேயே இருந்தது, நான்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மார்ட்டியே பிறகு ஒரு இடத்தில் நொந்துகொள்கிறார். துப்பறியும் கதையில் வருகிற துப்பெல்லாம் கொலைக்கான துப்பு என்று யார் சொன்னது? ஏமாற்றினார்கள் என்ற உங்கள் கோபத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. என்னைக் கேட்டால், அந்த எட்டுப் பகுதிகளிலும் ரொம்ப நேர்மையான காட்சி அதுதான்.

கொலைக்கான துப்பை அவர்கள் மறைக்கவும் இல்லை. மூன்றாம் பகுதியில், மார்ட்டியோடு சேர்ந்து துப்பறிகிற ரஸ்ட், மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். அங்கே ஒருவன் வண்டியில் உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டிருக்கிறான். ரஸ்ட் அவனிடம் பேசுகிறார், விசாரிக்கிறார், பிறகு கிளம்பிவிடுகிறார். அவன்தான் ஆள்! பட்டப்பகலில், காட்சிக்கு நடுவில், வாய் திறந்து பேசிக்கொண்டிருக்கிறான். நீங்கள் நாலு பேரும் அந்த நேரத்தில் சுவரில் என்ன கிறுக்கியிருக்கிறது என்று பெரிதாக்கிக்கொண்டிருந்தீர்களோ என்னவோ, உங்கள் கடிதத்தில் அவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

கடைசிப் பகுதியில் முடிச்சு அவிழ்வதும் ஒரு சின்னப் பின்னணி விஷயத்தால்தான். பச்சைக் காது வைத்த பூதம் துரத்தியது என்று ஒரு சிறுமி சொன்னதை 1995-இல் யாரும் சட்டை செய்யவில்லை. வருஷங்கள் கழித்து மார்ட்டி பழைய போட்டோ ஒன்றைப் பார்க்கிறார். புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்த வீடு. பெயின்ட் அடித்தவனின் காதில் பச்சை ஒட்டியிருக்காதா? அவ்வளவுதான். நிறுத்திப் பார்க்கிற பழக்கத்துக்கு இதைவிட மரியாதை யாரும் செய்ய முடியாது. ஆனால் கவனியுங்கள், வெறும் பச்சைச் சுவர் துப்பாகவில்லை. ஒரு குழந்தை சொன்ன வார்த்தை முதலில் காதில் விழுந்திருந்ததால்தான் அந்தச் சுவர் துப்பாயிற்று. என் குறை அங்கேதான். நிறுத்துகிறவர்கள் பார்க்கிறார்கள், கேட்பதை விட்டுவிடுகிறார்கள். நிறுத்தினால் சத்தமும் நின்றுவிடுகிறதே! முதல் தடவை ஒரே மூச்சில் பாருங்கள், நோட்டை இரண்டாம் தடவைக்கு எடுங்கள்.

இது முற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. பிபிசியின் 'ஷெர்லாக்' நாலாவது சீசன் 2017 ஜனவரி 15 அன்று முடிந்தது. முடிவு பிடிக்காத ரசிகர்கள் சிலர், இவ்வளவு மோசமாக எடுத்திருக்க மாட்டார்கள், இதுவே ஒரு துப்பு, இன்னொரு பகுதியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பினார்கள். அடுத்த ஞாயிறு அதே சேனலில் தொடங்கிய வேறொரு நாடகத்தின் பெயரில்தான் அது வரப்போகிறது என்று காத்திருந்தவர்களும் உண்டு. வந்தது அந்த வேறொரு நாடகமே.

சரி, உங்கள் குறுந்தொடர். ஒளித்து வைப்பது அப்புறம். முதலில் தானாக வந்து விழக்கூடியதைத் துடைத்து எடுங்கள், ஏனென்றால் உங்களை மாதிரி நாலு பேர் எல்லா ஊரிலும் மொட்டை மாடியில் இருக்கிறார்கள். 1998-இல் கிருஷ்ணகிரி மாவட்டமே கிடையாது, 2004 பிப்ரவரி 9 அன்றுதான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. பேக்கரி போர்டில் ஊர் பெயருக்குக் கீழே தருமபுரி மாவட்டம் என்று இருக்க வேண்டும், அதுவும் பெயின்டர் கையால் எழுதியதாக. சேலம் ரோட்டில் எடுத்தால் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். இன்று 44 என்று இருக்கும் தேசிய நெடுஞ்சாலைக்கு அன்று எண் 7. எண்கள் மாறியது 2010-இல். அப்புறம், கதை பொங்கல் சமயத்தில் நடக்கிறது என்றால் மாம்பழக் கூழ் ஃபேக்டரி வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரி வரிசையைக் காட்டாதீர்கள். தை மாதம் மாமரத்தில் பூதான் இருக்கும். நம் பக்கத்துக் கிழவி ஒருத்தி பார்த்தாலே போதும், உங்கள் போலீஸ்காரர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அதற்கு மேல் நம்ப மாட்டாள்.

ஒளித்து வைப்பது ஒன்றே ஒன்று போதும். இதையே வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்: 1998-இல் நான் ஊரிலேயே இல்லை என்று சொல்கிற ஒருவன், சாட்சியாக ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து கொடுக்கிறான். அவனுக்குப் பின்னால் தோள் மறைத்தது போக ஒரு கிலோமீட்டர் கல். கல்லில் 44. முதல் பகுதியில் அந்த போட்டோ மேஜை மேல் கிடக்கட்டும். எல்லோரும் அதன் மேல் டீ டம்ளரை வைக்கட்டும். மூன்றாம் பகுதியில் ரோடு போடுகிற வேலை பார்த்த பெரியவர் யாராவது, வேறு ஏதோ பேச்சில், அந்த ரோட்டின் பழைய எண்ணைச் சொல்லட்டும். சொல்லிவிட்டுப் போய்விடட்டும், கேமரா போட்டோ பக்கம் திரும்பவே கூடாது.

திரைக்கதை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். மாமாவிடமும் ஒரு பிரதி கொடுங்கள். கடைசிப் பகுதியை மட்டும் இரண்டு பேருக்கும் கொடுக்க வேண்டாம்.