முறைத் தண்ணீர் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) போன மாதம் காலமானார். வயது 86. கேரளத்தில், பாலக்காடு மாவட்டம் வடகரப்பதி பக்கம் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. விவசாயத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிறது. தோட்டத்துப் பக்கமே போக விடாமல் நன்றாகப் பார்த்துக்கொண்டோம். அவர் நினைவாகச் சின்னப் புத்தகம் ஒன்று அச்சடித்து உறவுக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூட வரவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பதவி எதிலும் இருந்ததில்லை. பழனியைத் தாண்டி எங்கும் போனதில்லை. சாதனை என்று எதுவும் இல்லாத ஒருவரைப் பற்றி என்ன எழுதுவது? தமிழில் எழுதுவதா, மலையாளத்திலா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

சென்ற வாரம்தான் அண்ணன் போன் செய்து, எங்கள் தோட்டத்துப் பழைய கிணற்றைத் தூர்த்துவிடலாமா என்று கேட்டான். அதிலிருந்து எனக்கும் எங்கள் அப்பாரு நினைவாகவே இருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

மொழி விஷயம் பெரிதில்லை. புத்தகத்தை வாங்கிப் படிக்கப்போகிறவர்கள் எதைப் படிப்பார்களோ அதில் போடுங்கள். உங்கள் ஆத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, யாராவது வாசித்துக் காட்டினால் புரிய வேண்டும், அவ்வளவுதான். படிப்பு, பதவி, பழனி எல்லாவற்றையும் விடுங்கள். நம் பக்கத்து மனிதர்களில் பாதிப் பேருக்கு அதுதான் கதை.

"மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு" என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அது எப்படி வந்தது என்று யாரையாவது கேட்டீர்களா? நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா அவர் பிறந்தபோது கொச்சி ராஜ்யம். அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பரில் கேரளம். உங்கள் அப்பாருவின் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது அவர் மம்பட்டி பிடிக்கிற இளவட்டம். இங்கே நிறையப் பேர் ஜென்மிக்கு, அதாவது நிலச் சொந்தக்காரருக்கு, பாட்டம் என்கிற குத்தகை அளந்துதான் உழுதார்கள். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகையே ரத்தானது. உழுதவர்கள் நிலத் தீர்ப்பாயத்துக்கு நடந்து, நிலம் தங்களுடையது என்கிற பட்டயம் வாங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம், ஆற்றுத் தண்ணீரைத் தமிழ்நாடும் கேரளமும் பங்கு போட்டுக்கொள்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம் கையெழுத்தானது. மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப் பக்கத்துக்கு என்று எழுத்தில் வந்தது. ஒரே ஆண்டில் மண்ணுக்கும் காகிதம், தண்ணீருக்கும் காகிதம். அப்போது உங்கள் அப்பாருவுக்கு முப்பது, முப்பத்தொன்று வயது இருக்கும். அந்த வருடம் அவர் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள்? வீட்டுப் பெட்டியில் பட்டயம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஒரு அத்தியாயம்.

கேரளத்தில் கரிசல் மண் இருப்பது பெரும்பாலும் நம் தாலுக்காவில்தான். மற்ற ஊர்களில் மழை கொட்டும்போது நாம் ஆடிக்காற்றில் புழுதி தின்போம். அந்த மண்ணில் கடலைக்காயும் சோளமும் பருத்தியும் போட்டுக்கொண்டிருந்தவர் எந்த வருடம் தென்னைக்கு மாறினார், எந்தக் கடனுக்காக மாறினார்? கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டிய எருதுகளுக்கு என்ன பெயர்? ஆத்தாவிடம் கேளுங்கள். எருதின் பெயரை அவர் மறந்திருக்க மாட்டார்.

சரி, எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். "ஓய்வு பெற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கொடுத்த ஓய்வு? வாத்தியார் ஓய்வு பெறுவார், தாசில்தார் ஓய்வு பெறுவார். அவர்களுக்குத் தேதி உண்டு, மாலை உண்டு, மறுநாள் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்காருவார். உங்கள் அப்பாரு ஒரு நாளும் ஓய்வு கேட்டிருக்க மாட்டார். நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவர் கையிலிருந்து மம்பட்டியைப் பிடுங்கிவிட்டு, அதற்கு "நன்றாகப் பார்த்துக்கொண்டோம்" என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வேளைக்குச் சோறு, சுத்தமான வேட்டி, மருந்து எல்லாம் கொடுத்திருப்பீர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பத்து வருடம் அவரிடம் தோட்டத்தைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டீர்களா? எந்த மரத்தில் காய் இறங்குகிறது, எந்த மரம் கூன் வண்டு விழுந்து உள்ளே கூடாகிவிட்டது என்று? கேட்காமல் இருந்ததுதான் அவருக்குக் கொடுத்த ஓய்வு.

உங்களைத் திட்டுகிற உரிமை எனக்கு இல்லை என்று தெரியும். நானும் அதையேதான் செய்தேன்.

எங்கள் அப்பாரு எழுபத்து நாலு வயதில் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தார். அன்றோடு அப்பா அவரைத் தோட்டத்து வேலைக்கு விடவில்லை. தோட்டத்து வீடான சாளையின் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார வைத்தோம். "கம்முனு உக்காருங்கப்பாரு" என்று நாளைக்குப் பத்துத் தடவை சொல்லியிருப்போம். அவரும் உட்கார்ந்தார். உடம்புதான் கட்டிலில் இருந்தது, காது கிணற்றில் இருந்தது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் படுத்திருந்தேன். நடுச்சாமத்தில் என்னைத் தட்டி எழுப்பி, "கண்ணு, மோட்டாரு காத்து இழுக்குது, போயி நிறுத்து" என்றார். எனக்கு மோட்டார் எப்போதும்போல ஓடுகிற சத்தம்தான் கேட்டது. "தூங்குங்கப்பாரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவர் எழப் பார்த்தார், கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்தேன். விடியும்போது கிணற்றில் தண்ணீர், குழாயின் அடியில் இருக்கிற புட் வால்வுக்குக் கீழே போய், மோட்டார் காயில் கருகிக் கிடந்தது. அப்பா என்னைத் திட்டினார். அப்பாரு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு ராத்திரியில் அவர் என்னை எழுப்பவே இல்லை. முப்பது வருடம் ஆகப்போகிறது, அந்தக் கையைப் பிடித்து இழுத்தது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அவர் இறந்தது ஒரு தை மாதம். மூலத்தரை அணையிலிருந்து கனாலில் தண்ணீர் விட்டிருந்த சமயம். தோட்டத்துக்குத் தோட்டம் முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். அன்று ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை எங்கள் தோட்டத்து முறை. எழவு வீட்டில் யாருக்கு அந்த நினைப்பு இருக்கும்? சாயங்காலமே உயிர் போய்விட்டது. சொந்தம் வந்துகொண்டிருந்தது, பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். முறை தவறினால் அடுத்த முறை வரும்வரை மரத்தைச் சுற்றியிருக்கிற வட்டப்பாத்தி காய வேண்டியதுதான். விடிந்ததும் சாவுக் காரியத்துக்குத் தென்னை மட்டை வெட்டுவதற்காக அப்பா தோட்டத்துக்குப் போனார், நானும் கூடப் போனேன். மரத்தடியெல்லாம் தண்ணீர் நின்றது. மடையைத் தேங்காய் மட்டையும் சேறும் வைத்து அடைத்திருந்தார்கள்.

மேற்குத் தோட்டத்துக்காரருக்கும் எங்களுக்கும் ஒரு வரப்பு விஷயமாகப் பல வருடம் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்துக்குச் சொன்னதில்லை, நோம்பிக்கு வந்ததில்லை. காலை எட்டு மணிக்கு அவர் எழவு கேட்க வந்தார். முழங்கால் வரைக்கும் கரிசல் சேறு அப்படியே காய்ந்திருந்தது. கழுவாமல்தான் வந்திருந்தார். அப்பா அவர் காலைப் பார்த்தார். எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"முறை முடியற வரைக்கும் போச்சுங்களா?"

"அஞ்சு மணி வரைக்கும் போச்சுங்க. மேக்கால கடைசி வரிசைக்கு மட்டும் ஏறலீங்க."

உங்கள் வீட்டில் அந்த நாளில் தோட்டத்தை யார் பார்த்தார்கள் என்று விசாரித்துவிட்டு எழுத உட்காருங்கள். எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கிணற்றைத் தூர்க்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்.