பூசணம் பிடித்த ரெக்கார்டும் ஃபிளாக் கோப்பும்: குன்னூரிலிருந்து கேள்வி பதில்

நாற்பது வருடமாக ரெக்கார்டு சேர்க்கிறவன் நான். இப்போதெல்லாம் பாதி நேரம் ஹார்டு டிஸ்க்கிலிருந்துதான் பாட்டுக் கேட்கிறேன் என்று சொல்லப் போக, கேள்விகள் குவிந்துவிட்டன.

கேள்வி: அண்ணே, நீங்களே கட்சி மாறிட்டீங்களா? (கோத்தகிரி)

பதில்: என் காதுதான் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு தம்பி. எல்பி, அதாவது பெரிய வினைல் ரெக்கார்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் அதே வேகம். ஆனால் முள் நடுவை நெருங்க நெருங்க வட்டம் சிறுத்துவிடும். ஓரத்தில் விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் முள்ளுக்கு அடியில் ஓடும். கடைசிப் பாட்டில் அதில் பாதிகூடக் கிடையாது. அதே ஒலியை நெருக்கியடித்து வெட்டியிருப்பதால் 'ச', 'ஸ' எல்லாம் சீறும். என்னிடம் ஒரு பக்திப் பாடல் தட்டு. அதன் கடைசிப் பாட்டில் "சரணம்" வரும்போதெல்லாம் உஸ்ஸென்று காற்று. பாடகிக்குப் பல் இடைவெளி போல என்று முப்பது வருடம் நினைத்திருந்தேன். மூல டேப்பிலிருந்து எடுத்த சிடி கிடைத்தது. "சரணம்" சுத்தமாக வந்து விழுந்தது. அந்த அம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

கேள்வி: டிஜிட்டலில் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறார்களே சார்? (ஊட்டி)

பதில்: ஒலி அலையைப் படிக்கட்டு மாதிரி வரைந்து காட்டுவார்களே, அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். சிடியில் விநாடிக்கு 44,100 முறை எடுத்த ஒலி அளவுகள். மனிதக் காது எட்டும் 20,000 ஹெர்ட்ஸ் வரையான அலையை அவற்றிலிருந்து அப்படியே திரும்பக் கட்டிவிடலாம். என் வயதுக் காதுக்கு 12,000 எட்டினாலே பெரிசு.

கேள்வி: எம்பி3யா, ஃபிளாக்கா? (குன்னூர்)

பதில்: இரண்டும் பாட்டைச் சுருக்கி வைக்கும் கோப்பு வகைகள். சேமிக்க ஃபிளாக். ஒரு துளி இழப்பில்லை, இடமும் சுருக்காத வேவ் கோப்பில் ஏறக்குறையப் பாதிதான். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கேட்க விநாடிக்கு 320 கிலோபிட் எம்பி3 போதும். கொண்டை ஊசி வளைவில், ஹாரன் சத்தத்துக்கு நடுவே வித்தியாசம் கண்டுபிடிப்பவர் காலில் விழத் தயார்.

கேள்வி: ஐயா, ஆடி மழையில் அப்பாவின் ரெக்கார்டு எல்லாம் பூசணம். பழைய 78 சுற்று அரக்குத் தட்டும் இருக்கிறது. (கூடலூர், வாசகி)

பதில்: உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள் அம்மா, பூசணம் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். லேபிள் நனையக்கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் கரைந்துபோகும். உள்தாளைத் தூக்கிப் போடுங்கள், பூசணம் குடியிருப்பதே அதில்தான். காய்ந்ததும் ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள், அதற்கான ஆடாசிட்டி மென்பொருள் இலவசம். பதியும்போது ஒலியின் உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். 78 சுற்று அரக்குத் தட்டுக்குத் தடித்த முள் தனியாக வேண்டும். டிக் டிக் சத்தத்தை நீக்கும் வசதியில் ரொம்பக் கை வைக்காதீர்கள், மிருதங்கத்தின் சாப்பும் சேர்ந்து போய்விடும்.

கேள்வி: அப்போ ரெக்கார்டுகளை விற்கிறீர்களா? கொடைக்கானலிலிருந்து வண்டி எடுத்து வருகிறேன்.

பதில்: இரண்டாவது பிரதியாக நாலைந்து இருக்கிறது. பூசணத்தோடு. அது போதுமென்றால் வாங்க.